வ்யூஃபைண்டரில் வளைந்த தூண்

புதிதாகக் கல்யாண வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி கேமராவைப் பற்றியதாகத்தான் இருக்கும். உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா போதுமா, எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டர் உள்ள புதிய வகைக்குப் போகலாமா என்று. புதியதற்கே போங்கள் என்று உடனே சொல்லிவிடுவேன். ஏன் என்று கேட்டால்தான் கொஞ்சம் தயங்குவேன். காரணங்களில் பாதியைக் கேமரா கடைக்காரரே சொல்லிவிடுவார். மீதியைச் சொல்வதென்றால், ஒரு முகூர்த்தத்தின் காலையில் எனக்கு வந்த பயத்தைச் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் கடைக்காரர் சொல்லும் பாதி. பழைய கேமராவில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் ஒரு கண்ணாடியில் பட்டு நம் கண்ணுக்கு வரும். நாம் பார்ப்பது எதிரே இருக்கும் காட்சியை. எடுக்கப்போகும் படத்தை அல்ல. படம் எப்படி வந்தது என்பது ஷட்டர் விழுந்த பிறகுதான் தெரியும். எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டர் என்பது கண் வைக்கும் துளைக்குள் இருக்கும் சின்னத் திரை. வரப்போகும் படமே அதில் தெரியும். வெளிச்சம் கூடினால் முன்பே வெளிறித் தெரியும், குறைந்தால் முன்பே இருண்டு தெரியும்.

கோயம்புத்தூர் மண்டபங்களில் இப்போது மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. சுவர் வைக்கிறார்கள். அதன் வெளிச்சத்தில் மணப்பெண்ணின் கன்னம் ஊதாவாக மாறுவது நம் கண்ணுக்குத் தெரியாது. கண் அதைச் சமாளித்துக்கொண்டுவிடும். படம் சமாளிக்காது. புது வ்யூஃபைண்டர் அந்த ஊதாவை அழுத்துவதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். கோபிப் பக்கம் தென்னந்தோப்பில் உச்சி வெயிலில் படம் எடுக்கும்போது கேமராவின் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியாது. எடுத்த படத்தைத் துளைக்குள்ளேயே, இருட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். போத்தனூரில் ஒரு ஞானஸ்நானத்தின்போது, ஃபிளாஷும் வேண்டாம், டக் டக் என்ற சத்தமும் வேண்டாம் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். புதுக் கேமராவில் சத்தமே இல்லாமல் எடுத்து முடித்தேன். குழந்தை கடைசிவரை தூங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி சீக்கிரம் தீரும் என்பது உண்மை. பையில் கூடுதலாக வைத்துக்கொண்டால் ஆயிற்று.

இந்தத் தொழிலில் பயம் குடியிருக்கும் இடம் ஒன்று உண்டு. ஷட்டர் விழுந்ததற்கும் படம் கண்ணில் படுவதற்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கும். தாலி ஒரு முறைதான் கட்டப்படும். இன்னொரு முறை கட்டுங்கள் என்று கேட்க முடியாது. அந்த நடு இடத்தைப் பெருமளவு இல்லாமல் ஆக்கியது எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டர்தான்.

அப்படியிருந்தும் நான் அதற்கு மாறியது தாமதமாகத்தான். நான் தொழில் பழகிய ஸ்டுடியோவின் முதலாளி, கண்ணாடி பொய் சொல்லாது, டிவியை நம்பிக் கல்யாணத்துக்குப் போகாதே என்று சொல்லிக்கொண்டே இருப்பார். டிவி என்று அவர் சொன்னது இந்தச் சின்னத் திரையைத்தான். புதுக் கேமரா வாங்கிய பிறகும் அந்தப் பேச்சு எனக்குள் ஒரு மூலையில் இருந்தது. ஒரு கோளாறு வரட்டும் என்று காத்திருந்ததுபோல இருந்தது.

கோளாறு மேட்டுப்பாளையத்தில் வந்தது.

ஒரு நிச்சயதார்த்தம். வீட்டுக்குப் பின்னால் பாக்குத் தோப்பு. அதன் முன்னால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிறுத்தியிருந்தேன். பாக்கு மரங்கள் எவ்வளவு நேராக நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபோது, நடுவில் நின்ற மரம் இடுப்பில் லேசாக வளைந்திருந்தது. கேமராவை இறக்கிப் பார்த்தேன். மரம் நேர். எடுத்த படத்தைப் பின்பக்கத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்திலும் நேர். மறுபடியும் கண்ணை வைத்தேன். வளைவு அங்கேயே இருந்தது. மரம் மட்டுமல்ல, சட்டகத்தை மட்டம் பார்ப்பதற்காகத் திரையிலேயே கேமரா போட்டுக் காட்டும் மெல்லிய கட்டக் கோடுகளும் அந்த இடத்தில் நெளிந்திருந்தன.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? வெறும் கண்ணால் பார்த்தால் நேர். எடுத்த படத்தில் நேர். வ்யூஃபைண்டருக்குள் மட்டும் வளைவு. ஆகவே வ்யூஃபைண்டரின் திரை கெட்டுவிட்டது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. எதையும் ஒழுங்காகச் சோதித்து, எழுதி வைத்து, பிறகு முடிவு செய்வது என் வழக்கம். அன்றும் அப்படித்தான் செய்தேன். வளைவு எந்த இடத்தில் வருகிறது என்று படம் வரைந்து, கேமராவோடு சேர்த்துச் சர்வீஸுக்குக் கொடுத்தேன். கோளாறு எதுவும் தென்படவில்லை என்று திருப்பித் தந்தார்கள். விட்டு விட்டு வரும் கோளாறு மெக்கானிக் முன்னால் வராது, டாக்டரைப் பார்த்ததும் நின்றுவிடும் பல்வலி போல என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் பாருங்கள் என்று கொடுத்துவிட்டு வந்தேன். மறுபடியும் அதே பதில்.

என்னோடு எப்போதும் வீடியோவுக்கு வருகிறவர் ஜோசப். போத்தனூர்க்காரர், என்னைவிடச் சில வயது இளையவர். அந்தப் புதுக் கேமரா வாங்கிய நாளிலிருந்தே என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவர்.

“அன்னிக்கே சொன்னனில்லீங்ளாண்ணா? இத்தினி காச அதுல கொட்டுனதுக்கு ஒரு நாட்டு மாடு வாங்கியிருந்தா காலைல பாலாவது குடிச்சிருப்பீங்க.”

அடுத்த வேலை கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்குப் பழைய கண்ணாடிக் கேமராவை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். புதுக் கேமராவைத் துணைக்குப் பையில் வைத்துக்கொண்டேன். முதலாளி சொன்னது கடைசியில் சரிதான் என்று தோன்றியது. அந்த நினைப்பில் ஒரு நிம்மதியும் இருந்தது.

காலையில் மண்டபத்துக்குப் போய் இறங்கியதும் பெண்ணின் அம்மா என்னைத் தேடி வந்தார். அதிகம் பேசாத அம்மா. வேலை பேச வந்த நாளில்கூட அவருடைய தம்பிதான் எல்லாவற்றையும் பேசினார். அன்று அவரே என்னைத் தனியாக, மணமேடைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

“ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க. என்ற கல்யாணப் போட்டோவுல என்ற மொகமே இல்லீங்க. தாலி கட்டற போட்டோவுல எங்க மாமன் முதுகும் பெரியப்பன் துண்டும்தான் இருக்குது. புள்ளைக்கு அப்படி ஆயிரக்கூடாதுங்க.”

சரிங்க என்றேன். எல்லா அம்மாக்களும் கேட்பதுதான். ஆனால் அவர் நகரவில்லை. பெண்ணின் அப்பா வாதம் வந்து வீட்டில் படுக்கையில் இருக்கிறார், மண்டபத்துக்குத் தூக்கி வர டாக்டர் விடவில்லை என்று சொன்னார். செல்போனில் காட்டினால் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாராம். ஆடுகிற படம் அவருக்குப் பிடிபடுவதில்லையாம்.

“போட்டோன்னா ஒரு கையில புடிச்சுப் பாத்துட்டே இருப்பாருங்க. அவரு இந்தக் கல்யாணத்தப் பாக்கறது அதுலதானுங்க.”

மண்டபத்திலேயே படம் அச்சடித்துத் தரும் சின்ன பிரிண்டர் எங்களிடம் இருந்தது. தாலி கட்டியதும் முதல் படத்தை அச்சடித்துத் தருகிறேன், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. கொங்கு நாட்டுக் கல்யாணங்களில் சடங்குகளை நடத்தி வைக்கும் மூத்தவரை அருமைக்காரர் என்பார்கள். அவர் மேடையில் உட்கார்ந்து தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளிச்சம் பார்ப்பதற்காகப் பழைய கேமராவை எடுத்து, மேடையின் முன்தூணை நோக்கிக் கண்ணில் வைத்தேன். வெள்ளை வர்ணம் பூசிய, அலங்காரம் எதுவும் சுற்றாத சிமெண்ட் தூண்.

தூண் நடுவில் வளைந்திருந்தது.

என்ன நடந்தது என்று புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின. இந்தக் கேமராவுக்குள் திரை இல்லை. வெறும் கண்ணாடியும் வெளிச்சமும்தான். கெட்டுப்போவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. இரண்டு வெவ்வேறு கேமராக்களில் ஒரே இடத்தில் ஒரே வளைவு வர முடியாது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று.

கேமராவை இறக்கினேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன். தூண் நேராக நின்றது. வலது கையால் இடது கண்ணைப் பொத்தினேன். தூண் வளைந்தது. தூணுக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையில் ஒரு அம்மா நின்றிருந்தார். அவருடைய முகத்தின் நடுப்பகுதி ஈரத்தில் ஊறிய காகிதம்போலச் சுருங்கியிருந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று இருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார் என்று நினைக்கிறேன். சிரித்ததை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மற்றவர்கள் எப்போதும் இரண்டு கண்ணாலும் பார்க்கிறார்கள். ஒரு கண் கெட்டால் இன்னொரு கண் மூடி மறைத்துவிடும். மாதக்கணக்கில் தெரியாது. நாம் ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பிழைக்கிறவர்கள். என் வலது கண் தனியாக வேலை பார்த்தது கேமராவுக்குள் மட்டும்தான். அதனால்தான் வளைவு கேமராவுக்குள் மட்டும் இருந்தது. வெளியே இடது கண் அதை நிமிர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு தையல்காரரோ கணக்குப்பிள்ளையோ இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது, பழி போட அவர்களிடம் கேமரா இல்லை. கருவியைச் சந்தேகப்படு என்று நாம் பழகியிருக்கிறோம். கருவிக்கும் காட்சிக்கும் நடுவில் இருப்பதைச் சந்தேகப்பட யாரும் பழக்கவில்லை.

அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்தக் கண்ணை நம்பித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது என்ற ஒன்றுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. மேடையில் மாப்பிள்ளையை அழைத்து உட்கார வைத்தார்கள்.

பயத்தில் இருக்கும்போது ஒரு மனிதன் செய்யக்கூடியவை மூன்று. ஒன்றும் நடக்காததுபோல நடிக்கலாம். வேலையை விட்டுவிட்டு ஓடலாம். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாம். முதல் இரண்டும் எனக்கு உடனே தோன்றின. மூன்றாவது தோன்றியது ஜோசப் எதேச்சையாக என் பக்கம் திரும்பியதால்தான்.

“ஏனுங்ணா, மொகம் வெளுத்துப்போச்சு? சாப்புடாம வந்துட்டீங்களா?”

“ஜோசப்பு, என்ற வலது கண்ணுல கோடெல்லாம் வளையுது.”

“கேமராவுலன்னு சொன்னீங்க?”

“கேமராவுல இல்லப்பா. கண்ணுல.”

அவர் வாயிலிருந்த கிண்டல் அப்படியே நின்றது. பிறகு, வீடியோவை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஸ்டில் கேமராவைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனசுதான். ஆனால் அது சரியான முடிவு இல்லை. ஜோசப் ஸ்டில் எடுத்துப் பழக்கம் இல்லாதவர். வீடியோவையும் இழந்து படத்தையும் இழக்கும் வாய்ப்பு அதில் இருந்தது. வீடியோவைப் பெண்ணின் முகத்தைவிட்டு எடுக்காதே, நான் தவறவிட்டாலும் அதிலாவது முகம் இருக்கட்டும் என்றேன். இடது கண்ணால் நான் எடுக்கிறேன் என்றும் சொன்னேன்.

சொல்லிவிட்டேனே தவிர, இடது கண்ணால் நான் ஒரு படம்கூட எடுத்ததில்லை. இளவயதிலிருந்தே அது மங்கலான கண். வலது கண்ணுக்கு ஒரு பவர் என்றால் அதற்கு இன்னொரு பவர். மூக்குக்கண்ணாடி போட்டாலும் முழுசாகத் தெளியாது. பழைய கேமராவில் இடது கண்ணை வைத்துப் பார்த்தேன். தூண் நேராக இருந்தது. ஆனால் ஃபோகஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. எல்லாமே கொஞ்சம் மென்மையாக, கொஞ்சம் இருட்டாக இருந்தன. கண்ணாடி பொய் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் மங்கலான கண்ணுக்கு அது உதவியும் செய்யாது. இருப்பதை இருக்கிறபடி காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

பையிலிருந்து புதுக் கேமராவை எடுத்தேன். இரண்டு முறை சர்வீஸுக்கு அனுப்பி நான் அவமானப்படுத்திய அதே கேமரா.

துளைக்குப் பக்கத்தில், கண்ணின் பவருக்கு ஏற்பத் திரையைச் சரிசெய்யும் சின்னச் சக்கரம் இருக்கும். திரையில் ஓடும் எழுத்துகள் இடது கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் வரை அதைத் திருப்பினேன். திரையின் வெளிச்சத்தைக் கூட்டினேன். தானாக ஃபோகஸ் செய்வதை நிறுத்தினேன். தாலி கட்டும் நொடியில் நாலா பக்கமிருந்தும் அரிசி பறக்கும். கேமரா அரிசியைப் பிடித்துக்கொண்டு முகத்தை விட்டுவிடும். கையால் ஃபோகஸ் செய்யும்போது, எது கூர்மையாக இருக்கிறதோ அதன் ஓரத்தைச் சிவப்புக் கோட்டால் காட்டும் வசதியைப் போட்டுக்கொண்டேன். இத்தனை நாள் இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று அணைத்து வைத்திருந்தேன். இப்போது என் கண் செய்ய முடியாததை அந்தச் சிவப்புக் கோடு செய்ய வேண்டும்.

அடுத்த சிக்கல் அற்பமானது, ஆனால் அப்போது மலைபோலத் தெரிந்தது. என்னால் வலது கண்ணை மட்டும் தனியாக மூட முடியவில்லை. இத்தனை வருஷம் இடது கண்ணைத்தான் மூடியிருக்கிறேன். வலது கண்ணை மூடினால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொண்டன. ஜோசப் ஒயரைத் தரையில் ஒட்டும் கறுப்பு டேப்பைக் கிழித்து, என் மூக்குக்கண்ணாடியின் வலது பக்கத்தை முழுசாக மறைத்து ஒட்டினார்.

அந்தக் கோலத்தில் மேடைக்கு முன்னால் போய் நின்றேன். ஏற்கெனவே அங்கே ஒரு கூட்டம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, கண்ணுக்கு என்னங்க?”

“கண்ணு சரியில்லீங்க.”

“மெட்ராஸ் ஐ-ங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். போகிறபோது பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் இன்னொருவரிடம் சொன்னார். சற்று நேரத்தில் என்னைச் சுற்றி ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் காலியாகிவிட்டது. முப்பது வருஷத் தொழிலில் தாலி கட்டும் நேரத்தில் எனக்கு அப்படி ஒரு இடம் கிடைத்ததில்லை. ஜோசப் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று, வாயைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவின் மாமனும் பெரியப்பனும் இல்லாத இடம் அது என்று மட்டும் தெரிந்தது.

அருமைக்காரர் கைகாட்டினார். மேளம் உச்சத்துக்குப் போனது. வ்யூஃபைண்டருக்குள் பெண்ணின் மூக்குத்தியைத் தேடினேன். லென்ஸ் வளையத்தை மெதுவாகத் திருப்பினேன். சிவப்புக் கோடு முதலில் மாலையின் மேல் விழுந்தது. பிறகு மாப்பிள்ளையின் மணிக்கட்டில். பிறகு மூக்குத்தியின் ஓரத்தில் மின்னி, அவளுடைய இமைகளில் வந்து நின்றது. என் விரல் அங்கேயே உறைந்தது. மூச்சு விட்டால் கோடு நகர்ந்துவிடும் என்று பயமாக இருந்தது. மாப்பிள்ளையின் கைகள் அவள் கழுத்துக்குப் பின்னால் போயின. அவள் குனியவில்லை. நிமிர்ந்து, கூட்டத்துக்குள் யாரையோ தேடுவதுபோல ஒரு முறை பார்த்தாள். இல்லாத அப்பாவைத்தான் தேடினாள் என்று நான் பின்னால் நினைத்துக்கொண்டேன். அப்போது எதையும் நினைக்கவில்லை. அழுத்தினேன்.

அரிசி பறந்தது. தொடர்ந்து எடுத்தேன். எடுத்த படம் ஒரு நொடி துளைக்குள்ளேயே வந்து நின்றது. முகம் இருந்தது. வெளிச்சம் சரியாக இருந்தது. சிவப்புக் கோடு காட்டியபடியே பெண்ணின் கண் கூர்மையாகப் பதிந்திருந்ததா? இருந்தது என்று என் இடது கண் சொன்னது. அந்தக் கண்ணின் வார்த்தையை நான் எப்படி நம்புவது? ஷட்டருக்கும் படத்துக்கும் நடுவில் இருந்த பழைய பயம் போய்விட்டது என்று மேலே எழுதினேன். அன்று அது இடம் மாறி, படத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கேமராவை ஜோசப்பிடம் கொடுத்தேன். அவர் படத்தைப் பெரிதாக்கினார். மேலும் பெரிதாக்கினார்.

“அண்ணா, மூக்குத்தியில ஒரு கல்லு உழுந்துருக்குது. அது கூடத் தெரியுதுங்.”

அச்சடித்த படத்தை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். என் மூக்குக்கண்ணாடியில் ஒட்டியிருந்த டேப்பை அவர் பார்த்தார். படத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, தம்பியின் காரில் ஏறிப் போனார்.

மீதி வேலையை இடது கண்ணாலேயே முடித்தேன். பந்தியில் உட்காரவில்லை. ஜோசப் என் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். வண்டியைத் தான்தான் ஓட்டப்போகிறார், போவது வீட்டுக்கு இல்லை, நேராகக் கண் ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னார். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்: அந்த ‘நாளைக்கு’ என்ற வார்த்தைதான் அன்று நான் எடுக்கவிருந்த மிக மோசமான முடிவு. அதை எடுக்க விடாதவர் பக்கத்தில் இருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்ததால்தான் அவரால் அது முடிந்தது.

வழி நெடுக நான் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று மனம் சொன்னது, கை கேட்கவில்லை. சாலையோரத்து மின்கம்பம் ஒவ்வொன்றும் தூரத்தில் வளைந்து வந்தது. நேராகிவிடும் என்று அடுத்த கம்பத்தைப் பார்ப்பேன். அதுவும் வளையும். வாழைத்தோட்டங்கள் வந்தன, போயின. புளியம்பட்டி தாண்டும்போது ஜோசப்பின் செல்போன் ஒலித்தது. பெண்ணின் தாய்மாமன் பேசினார். ஜோசப் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்.

“படத்தக் கையில புடிச்சவரு குடுக்கவே மாட்டேங்கறாராம். அப்படியே நெஞ்சு மேல வெச்சுட்டுத் தூங்கிப்போட்டாராமுங்.”

நான் கையை இறக்கி, இரண்டு கண்ணாலும் சாலையைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு அட்டையை என் முன்னால் நீட்டினார். வெள்ளை அட்டையில் சின்னச் சின்னக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பாருங்கள், கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வ்யூஃபைண்டரில் தினமும் பார்த்த அதே கட்டக் கோடுகள். மேட்டுப்பாளையத்தில் அவை நெளிந்ததைப் பார்த்துவிட்டு, கேமராவைத்தான் மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தேன்.

விழித்திரையின் நடுவில், கூர்மையாகப் பார்க்கும் இடத்துக்கு அடியில், வரக்கூடாத ரத்தக்குழாய்கள் வந்து கசிகின்றன என்றார். பவர் அதிகம் உள்ள கண்களில் இது வருவது உண்டாம். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும் என்றார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நெறைய பேரு நடுவுல முழுசா மறைஞ்சதுக்கு அப்புறம்தான் வருவாங்க. நீங்க எப்படிங்க இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க?”

“கேமராவுல பாத்தனுங்க.”

அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். ஜோசப் சிரிக்கவில்லை.

ஊசி போடும்போது வலி குறைவு. பயம்தான் அதிகம். மருந்துத் துளி கண்ணுக்குள் கறுப்புக் குமிழிகளாக மிதந்து இறங்குவதை நானே பார்த்தேன். பிறகும் சில முறை போட்டார்கள். கசிவு நின்றது. வளைவு முழுவதும் போகவில்லை. இப்போதும் வலது கண்ணில் நேர்க்கோட்டின் நடுவே ஓர் அரிசி அளவுக்கு நெளிவு இருக்கிறது. அதற்கு மேல் ஓராண்டு வேலை செய்தேன், இடது கண்ணாலும் சிவப்புக் கோட்டாலும். ஒரு படமும் கெடவில்லை. ஆனால் ஒவ்வொரு முகூர்த்தத்திலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நிமிடம் திரும்ப வந்தது. இன்னொருவருடைய ஒரே ஒரு நொடியை இவ்வளவு பயத்தோடு கையில் வாங்கக்கூடாது என்று தோன்றியபோது நிறுத்திக்கொண்டேன்.

ஆகவே எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டர் உள்ள கேமராவையே வாங்குங்கள். வெளிச்சத்தையும் நிறத்தையும் அது முன்பே காட்டும். கண் மங்கினால் தூக்கிவிடும். கட்டக் கோடுகளை ஒருபோதும் அணைத்து வைக்காதீர்கள். வேலை தொடங்குவதற்கு முன் ஏதாவது ஒரு தூணையோ கதவு நிலையையோ வலது கண்ணால் பாருங்கள். பிறகு இடது கண்ணாலும் பாருங்கள். வளைந்து தெரிந்தால் கேமராவைத் திட்டாதீர்கள். அன்றே, அந்த வேலை முடிந்த கையோடு, டாக்டரிடம் போங்கள்.

டாக்டரம்மா கொடுத்த கட்ட அட்டை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. நான் அதைப் பார்ப்பதில்லை. தினமும் காலையில் பல் துலக்கியதும் அந்தக் கேமராவை எடுத்து, பால்கனியில் நின்று, எதிர்வீட்டுக் கதவு நிலையை நோக்கி வைக்கிறேன். முதலில் வலது கண். நெளிவு நேற்று இருந்த அளவிலேயே இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதற்கு நான் பழகிவிட்டேன்.

பிறகு இடது கண்ணுக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் கை கொஞ்சம் நிற்கிறது. இந்தக் கண்ணின் தவறை மறைத்துக் கொடுக்க இனி இன்னொரு கண் இல்லை. உள்ளேயிருந்து மனைவி காப்பி ஆறுகிறது என்று கூப்பிடுவாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கண்ணை வைக்கிறேன்.

இன்று காலையும் நேராகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் காப்பி குடித்தேன்.